நாலாவது ஆள்

மூன்று பேராக எந்தக் காரியத்துக்கும் கிளம்பக்கூடாது என்பது சேதுவின் கட்சி. பெண் பார்க்கப் போனாலும் சரி, பேங்கில் கடன் கேட்கப் போனாலும் சரி, மூன்று பேர் போனால் காரியம் விளங்காது. வேறு வழியே இல்லையென்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பெண் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஐந்து பேராகத்தான் போனார்கள். அப்படியும் விளங்கவில்லை. அதைச் சொன்னால், "அது ஆள் கணக்கில வந்த கோளாறு இல்லடா நேசா, ஆளுலயே கோளாறு" என்பான் சேது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படகில் நாங்கள் மூன்று பேரும் ஒரு கல்லும் போய்க்கொண்டிருந்தோம். பேங்கில் வேலை பார்த்த சேது, ஏர்கோன் ரிப்பேர் பார்க்கும் மகேந்திரன், செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான்.

கல் கொண்டு வருவது என் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து போய் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். சின்னதாக இருந்தால் சேது, "இது ஆளா, ஆள் பெத்த பிள்ளையா?" என்று கேட்பான். பெரிதாக இருந்தால் என் முதுகு கேட்கும். நடுத்தரமாக ஒன்றைக் கொண்டுவந்து, குழாயடியில் கழுவி, கூடத்தில் பழைய பேப்பர் விரித்து வைப்பேன். ராத்திரி நான் டிவி பார்க்கும்போது அதுவும் பார்க்கும். என் வீட்டில் வந்து தங்கும் விருந்தாளி அது ஒன்றுதான். "சேனல் மாத்தவா?" என்று ஒரு தடவை கேட்டும் விட்டேன். ஆட்சேபணை எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஆற்று முகத்தைத் தாண்டியதும் சேது அதைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவான். கூட்டிப் போன கல்லைத் திரும்பக் கொண்டு வரக்கூடாதாம்.

முன்பெல்லாம் கல் தேவைப்படவில்லை. புனிதன் இருந்தான்.

நாலு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபைபர் படகு அது. முன்பலகை புனிதனுடையது. மீன் பிடிப்பதில் அவனுக்கு அக்கறை கிடையாது. தூண்டிலைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பான். மீன்கள் எல்லாம் இவன் பேச்சைக் கேட்கவே வந்து, கேட்டுவிட்டுப் போய்விடும் என்பான் மகேந்திரன். மனைவி இறந்த பிறகு புனிதன் கோலா குபு பாருவில் மகன் வீட்டுக்குப் போனான். "ஒரு மணி நேரத்துப் பாதைதானேலா? ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்" என்றான். கொஞ்ச நாள் வந்தான். பிறகு மகன் காரை எடுத்துப் போய்விட்டான் என்றான். பிறகு காய்ச்சல் என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் அவன் பெயர் போய்விட்டது.

அவன் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். எடை வேலை பார்த்தவனுக்கு லோரி நம்பர் மறக்காது. அவன் போன் நம்பரும் அப்படித்தான் தலையில் கிடந்தது. கிடந்ததே ஒழிய, விரலுக்கு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு காலை, படகுத்துறையில் ரோத்தி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சேது பேச்சை எடுத்தான்.

"சுங்கை செம்பிலாங்ல ஒருத்தன் படகைக் கேக்கறான்டா."

"எந்தப் படகை?"

"நம்ம படகைத்தான். வேற யாரு படகை நான் விக்க முடியும்?" சேது குழம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு முட்டி போயிடுச்சு. இவனுக்கு ஞாயித்துக்கிழமைதான் ஏர்கோன் வேலை நிறைய வருது. மீனும் வரமாட்டேங்குது. புனிதன் போனதுல இருந்து ஒண்ணும் சரியில்ல."

மகேந்திரன் என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை ஆற்றினான். அவனோடு பேசி முடித்துவிட்டுத்தான் சேது என்னிடம் சொல்கிறான் என்று புரிந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் பாப்போம்" என்றான் சேது. "இன்னைக்காவது நல்லா அமைஞ்சா வெச்சுக்குவோம். இல்லன்னா குடுத்துடலாம். என்ன சொல்ற?"

அவர்களுக்கு அது ஒரு படகு. எனக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. அது போய்விட்டால் என் வாரத்தில் ஏழு திங்கட்கிழமைதான் இருக்கும். அதையெல்லாம் சொல்ல முடியுமா? "குடுத்துட்டா கல்லு சுமக்கற வேலை மிச்சம்" என்று சிரித்தேன். அவர்களும் நிம்மதியாகச் சிரித்தார்கள். ஜோக்கடிப்பவனுக்கு இது ஒரு கஷ்டம். சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

துறையில் ஒரு சட்டம் உண்டு. போன வருஷம் ஒரு படகு கரைக்கு வராமல் அலைக்கழிந்ததிலிருந்து, கிளம்பும்போது துறைக் காவல்காரரான ஜாகாவிடம் எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நேரத்துக்கு வராவிட்டால் அவர் மரின் போலீசுக்குப் போன் பண்ணுவார். ஜாகா பாக் மான் குடையை மடக்காமலே, "எத்தனை பேர்?" என்று மலாயில் கேட்டார்.

"அம்பாட்" என்றான் சேது. நாலு. கிளம்பும்போது மூன்று என்ற சொல்லே அவன் வாயில் வராது. பாக் மானுக்குக் கண் மங்கல். எங்களை எண்ணிப் பார்த்ததும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மகேந்திரன் முன்பலகையில் கல்லை வைத்து, உருளாமல் இருக்க அதற்கு நாலாவது லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரை இழுத்துப் பூட்டினான். "புனிதா, ஆடாம உக்காரு. பேச்சைக் குறை" என்றான். கல்லைப் புனிதன் என்று கூப்பிடுவது அவன் ஆரம்பித்து வைத்த பழக்கம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்று முகம் தாண்டியதும் சேது ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கடலில் போட்டான். தூண்டில் போட்டோம். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஒரு பெரிய சிவப்பு மீன் போதும், சேது மனசு மாறிவிடுவான். வந்தது ஒரே ஒரு கெளுத்தி. அதைக் கழற்றும்போது அதன் முள் மகேந்திரன் விரலில் இறங்கி, ரத்தம் பக்கத்தில் கிடந்த நாலாவது ஜாக்கெட் முழுக்க ஆனது. அவன் திட்டிக்கொண்டே ஜாக்கெட்டைக் கடல் தண்ணீரில் அலசிப் போட்டான். கறை போகவில்லை. மீன் அந்தக் கலவரத்தில் துள்ளிக் குதித்துப் போய்விட்டது. திரும்பலாம் என்று பார்த்தால் என்ஜின் கிளம்பவில்லை.

"நீ ரிப்பேர்காரன்தானே?" என்றான் சேது.

"ஏர்கோன்லா! இது என்ன குளிருதா?"

ஒருவழியாக அது இருமிக்கொண்டே கிளம்பியபோது மணி நாலாகிவிட்டது. ஆற்று முகத்துக்குள் நுழையும்போது எதிரே நீல விளக்கோடு மரின் போலீஸ் படகு வந்து எங்களை நிறுத்தியது. பாக் மான் போன் பண்ணிவிட்டார்.

சார்ஜன் ரோஸ்லான் நாற்பது வயசுக்காரர். மரியாதையான மனிதர். எங்களை அங்கள் என்றுதான் கூப்பிட்டார்; நாங்கள் அவரை ஐயா என்கிற அர்த்தத்தில் துவான் என்றோம். படகுப் பத்திரம் கேட்டார், பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லைசென்ஸ் கேட்டார், கொடுத்தேன். தீயணைப்பான், விசில், விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் இருந்தன. வாழ்க்கையில் நான் ஒழுங்காக வைத்திருப்பது அந்தப் பிளாஸ்டிக் பையில் இருப்பதை மட்டும்தான். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவர் எங்களை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பலகையில் ஈரமாக, ரத்தக் கறையோடு கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தார்.

"ஜாகா நாலு பேர்னு சொன்னாரே. நாலாவது ஆள் எங்கே?"

சேது முந்துவதற்குள் மகேந்திரன், தன் வாழ்நாளில் யோசிக்காமல் சொன்ன எத்தனையோ வார்த்தைகளின் சிகரமாக, மலாயில் சொன்னான்: "ஓ, புனிதனா? அவனைக் கடல்ல போட்டாச்சு துவான்."

ஆற்றில் ஓடிய தண்ணீர்கூடக் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது.

"கல்லு துவான், கல்லு!" என்று சேது அலறினான். மூன்று பேர் போனால் ஆகாது என்பதையும், கல் எப்படி ஒரு ஆளாகிறது என்பதையும் அவனுக்குத் தெரிந்த பேங்க் மலாயில் விளக்கினான். விளக்க விளக்க நாங்கள் கொலைகாரர்கள் என்பது உறுதியாகிக்கொண்டே போனது. சார்ஜன் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. கல்லுக்குப் புனிதன்னு பேர் வெச்சீங்க."

"ஆமா."

"புனிதன்னு நிஜமா ஒரு ஆள் இல்லையா?"

"இருக்கான்" என்றேன் நான். "முன்னாடி எங்ககூட வருவான். இப்ப வர்றதில்ல."

"ஏன்?"

அந்தக் கேள்வியைப் போலீஸ்காரர் கேட்கும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை.

சார்ஜன் பெருமூச்சு விட்டார். "அங்கள், நாலு பேர் போயி மூணு பேர் வந்தா, நான் சும்மா விட்டுட்டுப் போக முடியாது. தேடுற படகெல்லாம் கிளம்பணும். உங்க படகை நிறுத்தி வெக்கணும். அந்த ஆள் உயிரோட இருக்கார்னு எனக்குத் தெரியணும். நம்பர் இருக்கா?"

சேதுவிடம் இல்லை. மகேந்திரனின் பழைய போனோடு அது போய்விட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நம்பரைச் சொன்னேன். தடுமாறாமல் வந்தது.

சார்ஜன் தன் போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "வணக்கம், நான் மரின் போலீஸ் சார்ஜன் ரோஸ்லான். என்சிக் புனிதன்தானே?"

அந்தப் பக்கம் மலாயில் வெடித்தது. "போன வாரம் கோர்ட்டுன்ன, அதுக்கு முன்னாடி பார்சல்ன்ன, இன்னைக்கு மரினா? அடுத்தது என்னடா, ஏர்ஃபோர்ஸா? என் பேங்க்ல ஒண்ணும் இல்ல, போ!" போன் வைக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

"குரல் அவனுதுதான் துவான்" என்றான் சேது ஆசையாக.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சார்ஜன். பிறகு என்னிடம், "உங்க போன்ல கூப்பிடுங்க."

நான் போனைக் கையில் எடுத்தேன். நம்பரை அழுத்திவிட்டு, பச்சைப் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் எடுக்காவிட்டால் என்ன என்று பயம். எடுத்து, யாரு என்று கேட்டுவிட்டால் அதைவிடப் பயம். கைதாவது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"அழுத்துலா!" என்றான் மகேந்திரன்.

இரண்டு தடவைதான் மணி அடித்தது. யாரு என்று அவன் கேட்கவில்லை.

"நேசா? என்னடா, யாரு செத்தது?"

எங்கள் வயசில் ரொம்ப நாள் கழித்து ஒருவன் கூப்பிட்டால் அதுதான் முதல் கேள்வி.

"நீதான்டா" என்றேன்.

"நானா?"

"ஆமா. உன்னைக் கொன்னு கடல்ல போட்டுட்டோம்னு போலீஸ் புடிச்சு வெச்சிருக்கு. முன்னாடி கூப்பிட்டது நிஜப் போலீஸ்டா. அவர்கிட்ட நான் சாகலன்னு ஒரு வார்த்தை சொல்லு."

கல் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கின. ஆற்று முகத்தில் லைன் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"எனக்குப் பதிலா கல்லா?" என்றான்.

"வாரா வாரம் ஒண்ணு."

"வாரா வாரமா?" என்றான். "நல்ல கல்லாவாச்சும் பாத்து எடுத்தியா?"

"கழுவித்தான் கொண்டு போவேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சார்ஜன் தொண்டையைச் செருமினார். முகமும் ஐ.சி. அடையாள அட்டையும் பார்க்க வேண்டும், வீடியோவில் வரச் சொல்லுங்கள் என்றார். "வீடியோ எல்லாம் எதுக்குலா?" என்று புனிதன் தயங்கினான். எனக்குத் தெரிந்து புனிதன் தன் முகத்தைக் காட்டத் தயங்கியதே இல்லை. கல்யாண வீடுகளில் எல்லாப் படத்திலும் ஓரத்தில் நிற்பான். "படகைப் புடிச்சுக்குவாங்கடா" என்றேன். சரி என்றான்.

முதலில் கூரை விசிறி வந்தது. பிறகு ஒரு காது. பிறகு போன் எதன் மேலோ சாய்த்து வைக்கப்பட்டு, புனிதன் வந்தான். முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இடது கையால் சட்டைப் பையைத் துழாவி, இடது கையாலேயே ஐ.சி.யை எடுத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். வலது கை மடியில் கிடந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத சாமானைப் போல.

சேது என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். மகேந்திரன் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப?" என்றேன்.

"அந்தக் காய்ச்சல்னு சொன்னேன்ல, அப்ப" என்றான். "இப்ப தேவலைலா. நடக்கறேன். ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"சொல்லியிருக்கலாமேடா."

"என்னன்னு சொல்றது? நீங்க எல்லாம் ஜாலியா போயிட்டிருக்கீங்க. நான் வந்தா என்னைத் தூக்கி ஏத்தவே ஒரு ஆள் வேணும்." பிறகு சார்ஜன் பக்கம் பார்த்து, மலாயில், "துவான், நான் உயிரோடதான் இருக்கேன். அவங்களை விட்டுடுங்க. கொலை செய்யற அளவுக்கு அவங்களுக்குச் சாமர்த்தியம் கிடையாது" என்றான்.

சார்ஜன் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பைக்குள் அவரே ஒழுங்காக வைத்து என்னிடம் கொடுத்தார். சம்மன் எதுவும் எழுதவில்லை. "அடுத்த தடவை மூச்சு விடுற ஆளை மட்டும் எண்ணிச் சொல்லுங்க, அங்கள்" என்றார். அவர்கள் படகு போன அலையில் நாங்கள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தோம்.

துறைக்கு வந்து கயிற்றைக் கட்டும்போது சேது சொன்னான்: "செம்பிலாங்காரன்கிட்ட சரின்னு சொல்லிடறேன்." நான் தலையாட்டினேன். அன்றைக்கு நல்லா அமைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? "வர்ற ஞாயிறு மூணு பேரும் போயி அவனைப் பாத்துட்டு வருவோம்" என்றும் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னான்.

மறு ஞாயிறு சேதுவின் கொழுந்தியாள் மகளுக்குச் சுங்கை சோவில் நிச்சயதார்த்தம். மகேந்திரனுக்கு ஒரு சீனர் வீட்டில் நாலு ஏர்கோன். இரண்டும் நிஜம்தான். பொய் சொல்லும் ஆட்கள் இல்லை அவர்கள். நான் மட்டும் தோட்டத்துப் பாதைகள் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் ஆரஞ்சு வாங்கினேன். நோயாளிக்கு ஆரஞ்சு என்று எவன் சட்டம் போட்டானோ தெரியாது.

கதவைத் திறந்தது மகன் சசிகுமார். என்னைப் பார்த்து அவன் முகத்தில் வந்த சந்தோஷம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அங்கள் எவ்வளவு நேரம் இருப்பீங்க என்று கேட்டான். சாயங்காலம் வரை என்றேன். பத்து நிமிஷத்தில் அவனும் மனைவியும் பிள்ளையும் உடுத்திக்கொண்டு பாசாருக்கும் மாலுக்கும் கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்கள் ரொம்ப நாளாக வெளியே போகவில்லை என்பது அந்தக் குழந்தை செருப்பு மாட்டிய வேகத்தில் தெரிந்தது.

"மத்தவனுங்க?" என்றான் புனிதன்.

சொன்னேன். தலையாட்டினான். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுக்கப் போனேன். என் கையிலிருந்து பிடுங்கி, முழங்காலுக்கு நடுவே வைத்து இடது கையால் உரித்தான். சாறு வேட்டியெல்லாம் ஆனது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"போலீஸ் கதையை முதல்ல இருந்து சொல்லு" என்றான். "மகேந்திரன் எப்படிச் சொன்னான்? அதை அவன் மாதிரியே சொல்லு."

சொன்னேன். பாதி முகத்தால் சிரித்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். இரண்டாம் தடவை கெளுத்தியின் சைசைப் பெரிதாக்கினேன். படகை விற்கிற விஷயத்தையும் நடுவில் சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. தன் பங்கைப் பற்றியும் கேட்கவில்லை. அவன் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்தின் சத்தம் நன்றாகக் கேட்டது. என் வீட்டிலும் அப்படித்தான் கேட்கும்.

இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். நான் எழுந்தேன். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வராத" என்றான் புனிதன்.

ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமைதான் இவங்க எல்லாம் இருக்காங்களே" என்று குரலைத் தாழ்த்தினான். "வியாழக்கிழமை வா."

"வியாழக்கிழமை என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்றான். "அதான் வரச் சொல்றேன்."